பூட்ஸுக்கு உறை மாட்டுற அந்த சீன்

க்ரைம் படம்னு யாருகிட்ட பேச்செடுத்தாலும் கடைசில 'அதெல்லாம் கெடக்கட்டும், மெமரீஸ் ஆஃப் மர்டர் பாத்தியா இல்லியா'ன்னுதான் வந்து நிக்கும். ஆபீஸ்ல சொன்னாய்ங்க, கூடப் படிச்சவய்ங்க சொன்னாய்ங்க, எல்லாத்துக்கும் மேல எங்க அக்கா வீட்டுக்காரரு சொன்னாரு. அவரு சும்மா ஒரு படத்தத் தூக்கி வச்சுப் பேசுற ஆளு கெடையாது, புடிக்கலைன்னா பாதியில எந்திரிச்சுப் போயிருவாரு, அவரே 'மாப்ள, போலீஸ் படம்னா இதுதான், இதுக்கு மேல ஒருத்தன் எடுக்க முடியாது'ன்னுட்டாரு. சரின்னு சனிக்கிழமை ராத்திரி திருநகர்ல அவங்க வீட்டுலயே உக்காந்து பாத்தோம், நான், மச்சான், அக்கா, எங்கம்மா. வெளிய ஐப்பசி மழை ஊத்துது, படத்துலயும் மழை, நடுவுல கரண்டு ஒரு தடவ போயி வந்துச்சு. முடியும்போது மச்சானுக்கு கண்ணு கலங்கியிருந்துச்சு. எனக்கு மனசு கனத்துப் போச்சுதான், ஆனா அவருக்குக் கனத்தது ஒண்ணு, எனக்குக் கனத்தது வேற ஒண்ணு.

நேராவே சொல்லிர்றேன், எனக்கு இந்தப் படம் பெரிய ஏமாத்தம். படம் மோசமா எடுத்திருக்காய்ங்கன்னு சொல்லல. நல்லா எடுக்கத் தெரிஞ்ச ஒருத்தர், எல்லாம் தெரிஞ்ச ஒருத்தர், ஒரு எடத்துல எங்கள சிரிக்கச் சொல்லிட்டாரு, அங்க என்னால சிரிக்க முடியல, அதுக்கப்புறம் படத்தோட ஒட்டவும் முடியல. கதையெல்லாம் சொல்லித்தான் பேசப் போறேன், இன்னும் பாக்காதவங்க பாத்துட்டு வந்து படிங்க.

2003-ல வந்த கொரியா படம். டைரக்டர் போங் ஜூன்-ஹோ, பின்னால 2019-ல பாரசைட் எடுத்து நாலு ஆஸ்கர் வாங்குனாரே அவருதான், இது அவரோட ரெண்டாவது படம். ஹீரோ சோங் காங்-ஹோ, பாரசைட்ல அப்பாவா வருவாரே அவரு. 1986-ல இருந்து 1991 வரைக்கும் ஹ்வாசோங்ன்ற ஊரு பக்கம் பத்து பொம்பளைங்கள ஒவ்வொருத்தரா கொன்னு வயக்காட்டுலயும் மறைவுலயும் போட்டுட்டுப் போன நெசமான கேஸ அடிப்படையா வச்ச படம். படம் வந்தப்ப ஆளு யாருன்னே தெரியாது. உள்ளூர் டிடெக்டிவ் ஒருத்தரு, கண்ணப் பாத்தே குத்தவாளிய கண்டுபுடிச்சிருவேன்னு சொல்றவரு. சியோல்ல இருந்து ஒருத்தரு வர்றாரு, அவரு பேப்பரு, ஃபைலு, ஆதாரம்னு போறவரு. ரெண்டு பேரும் முட்டிக்கிட்டே கேஸப் பாக்குறாங்க, கடைசி வரைக்கும் கெடைக்கல.

ஆரம்பம் இருக்கே, அத நான் எந்தக் காலத்துலயும் குறை சொல்ல மாட்டேன். வெளஞ்சு மஞ்சக் கட்டி நிக்கிற நெல்லு வயலு, நடுவுல ஒரு பொடியன், ரோட்டோரமா போற வாய்க்கால், மேல கல்லப் போட்டு மூடுன மதகு, அதுக்குள்ள டிடெக்டிவ் குனிஞ்சு பாக்குறாரு, உள்ள பொணம் கெடக்கு. வெயிலு பளிச்சுனு அடிக்குது. எங்க அத்த ஊரு மேலூர் பக்கம், பெரியாறு கால்வாய் தண்ணி பாயுற ஊரு, தை மாசம் போனா அச்சு அசலா அதே மாதிரிதான் நிக்கும் வயலு. சின்னப் புள்ளையில அந்த மாதிரி மதகுக்குள்ளதான் நாங்க மீன் புடிப்போம். அதனால மொத ரெண்டு நிமிஷத்துலயே நான் படத்துக்குள்ள போயிட்டேன். அப்புறம் இன்னொரு பொணம் கெடக்குற எடத்துல ஊரே தெரண்டு வந்து மிதிக்கிது, கால் தடம் இருக்குற எடத்துல டிராக்டர் ஏறிப் போயிருது, தடயம் எடுக்க வந்தவரு சரிவுல வழுக்கி விழுறாரு, அத வெட்டாம ஒரே ஷாட்டா காட்டுறாய்ங்க பாருங்க, ஒரு கேஸ் மொத நாளே எப்படி நாசமாப் போகுதுன்னு பாடம் எடுத்த மாதிரி இருக்கும். இதெல்லாம் உண்மையாவே பெரிய வேலை. மச்சான் சொன்னது சரிதான்னு அப்ப நெனச்சேன்.

அப்புறம் அந்தப் பையன் வர்றான். மூஞ்சில தீக்காயம், புத்தி கொஞ்சம் மட்டு, அப்பா கறி சுட்டுப் போடுற கடை வச்சிருக்காரு. செத்துப்போன பொண்ணு பின்னாடி சுத்துனான்னு யாரோ சொன்னத வச்சு புடிச்சுட்டு வந்துர்றாய்ங்க. ஸ்டேஷனுக்குக் கீழ ஒரு ரூம்ல உக்கார வச்சிருக்காய்ங்க. அடிக்கிறதுக்குன்னே ஒரு டிடெக்டிவ் இருக்காரு. அவரு உள்ள வர்றதுக்கு முன்னாடி பூட்ஸுக்கு மேல ஒரு துணி உறைய எடுத்து மாட்டுறாரு. தடம் விழுகக் கூடாதுல்ல, அதுக்கு. மாட்டிக்கிட்டு ஓடி வந்து எகிறி ஒரு உதை. மச்சான் சிரிச்சாரு. அக்காவும் சிரிச்சுச்சு. அந்த எடத்துல படமே சிரிக்கத்தான் சொல்லுது, உதைக்கிற நேரம், விழுற விதம், எல்லாம் காமெடிக்கு அளந்து வச்ச மாதிரி இருக்கு. எங்கம்மாவுக்கு இங்கிலீஷ் சப்டைட்டில் படிக்க வராது, அக்காதான் சொல்லிக்கிட்டு வந்துச்சு. அம்மா கேட்டாங்க, 'அந்தப் பயல எதுக்குடி அடிக்கிறாய்ங்க?' அக்கா சிரிப்புல இருந்ததால பதில் சொல்லல.

எனக்கு ஏன் சிரிப்பு வரலைன்னு சொல்லணும்னா எங்க அத்த பையனப் பத்திச் சொல்லணும்.

அவன் எனக்கு ஒரு வயசு இளையவன். பொறந்ததுல இருந்தே கொஞ்சம் மெதுவு. கணக்கு வராது, ஆனா எந்த ஆடு யாரு வீட்டு ஆடுன்னு நூறு ஆட்டப் பாத்தும் சொல்லுவான். பதினஞ்சு வருஷம் இருக்கும், அப்ப அந்தப் பக்கத்து தோட்டங்கள்ல பம்புசெட்டு மோட்டார கழட்டி உள்ள இருக்குற காப்பர் காயில மட்டும் உருவிட்டுப் போயிக்கிட்டு இருந்தாய்ங்க, வரிசையா நாலஞ்சு தோட்டத்துல. இவன் வெயில் நேரத்துல மோட்டார் ரூம்ல போயிப் படுத்துத் தூங்குறவன், சிமெண்டுத் தரை சில்லுன்னு இருக்கும்னு. அத எவனோ பாத்துட்டுச் சொல்ல, ஒரு நாள் சாயங்காலம் ஜீப்பு வந்து ஏத்திக்கிட்டுப் போயிருச்சு. ரெண்டு ராத்திரி. எஃப்.ஐ.ஆர் கெடையாது, எதுவும் கெடையாது. எங்கப்பாவும் மாமாவும் வாசல்லயே நின்னாங்க. மூணாம் நாளு ஊரு பெரியவரு ஒருத்தரு போயிப் பேசித்தான் விட்டாய்ங்க. நம்ம ஊரு சட்டத்துல போலீஸ்கிட்ட குடுக்குற வாக்குமூலம் கோர்ட்டுல செல்லாது, வெள்ளைக்காரன் காலத்துல இருந்தே அப்படித்தான். அதனால இங்க 'ஒத்துக்க'ன்னு அடிக்கிறத விட 'எங்க வச்சிருக்க'ன்னு அடிக்கிறதுதான் ஜாஸ்தி, திருட்டுச் சாமான மீட்டதா ரெக்கவரி காட்டணும்ல. அவன்கிட்டயும் அதான் கேட்டிருக்காய்ங்க, காப்பர் எங்கடா, காப்பர் எங்கடான்னு. காப்பர்னா என்னன்னே அவனுக்குத் தெரியாது.

வந்தப்ப உடம்புல ஒரு காயம் கெடையாது. அத்த வேட்டிய வெலக்கி முழுசா பாத்துச்சு, ஒரு தடம் இல்ல. ஆனா தரையில கால ஊன முடியல அவனுக்கு, உள்ளங்கால் ரெண்டும் வீங்கி செருப்புக்குள்ள போகல. அத்த வெந்நியில உப்பப் போட்டு கால முக்கி உக்கார வச்சுச்சு, ராத்திரி முழுக்க நல்லெண்ணெய காய்ச்சித் தடவிக்கிட்டே இருந்துச்சு. அவன் பேசுன மொத வார்த்த என்ன தெரியுமா, 'புரோட்டா வாங்கிக் குடுத்தாய்ங்க.' அதுக்கப்புறம் ரொம்ப நேரம் கழிச்சுத்தான் சொன்னான், 'ஈரச் சாக்கு போட்டாய்ங்க'ன்னு. எங்கப்பாவுக்குப் புரிஞ்சுருச்சு, எனக்கு அப்பப் புரியல. ஈரச் சாக்க மேல போட்டு அடிச்சா தடம் விழுகாது.

இப்பச் சொல்லுங்க, அந்த டிடெக்டிவ் பூட்ஸுக்கு உறை மாட்டும்போது நான் எப்படிச் சிரிக்கிறது.

இதுல வருத்தம் என்னன்னா படம் எடுத்தவருக்கு எல்லாமே தெரியும். தெரியாம எடுத்திருந்தா நான் இம்புட்டு மெனக்கெட்டு எழுத மாட்டேன். அடிச்சு முடிச்சுட்டு டிடெக்டிவுகளும் அந்தப் பையனும் ஒண்ணா உக்காந்து கருப்பு சாஸ் ஊத்துன நூடுல்ஸ் சாப்பிட்டுக்கிட்டே டிவில ஒரு போலீஸ் சீரியல் பாக்குறாங்க, அவன் அடிய மறந்துட்டு குஷியா உறிஞ்சிச் சாப்பிடுறான். அந்த சீன் சத்தியமா உண்மை. எங்க அத்த பையன் புரோட்டாவத்தான் மொதல்ல சொன்னான். அடிக்கிற கையே ஊட்டி விடும், வாங்குறவனுக்கு அந்தக் கை மேல கோவம் கூட வராது, அத இம்புட்டு சரியா வேற எந்தப் படத்துலயும் நான் பாத்ததில்ல. அப்புறம் அவனுக்கு ஒரு ஷூ வாங்கிக் குடுக்குறாய்ங்க, நைக்கி மாதிரி டூப்ளிகேட், 'நைஸ்'னு எழுதியிருக்கும். அதையும் ஒரு சிரிப்பா ஆக்கியிருக்காங்க. அதுக்கு முன்னாடி அவனோட ஷூ தடத்த வச்சே ஆதாரம் ஜோடிக்கிறாய்ங்க, காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போயி குழி தோண்டச் சொல்லி மெரட்டி டேப்புல பேச வைக்கிறாய்ங்க. இம்புட்டும் தெரிஞ்சவருக்கு அந்த உதைய எதுக்கு ஜோக்கா வைக்கணும்?

மச்சான்கிட்ட ராத்திரியே கேட்டேன். அவரு சொன்னாரு, 'மாப்ள, அதுதான் திறமை, மொதல்ல சிரிக்க வச்சுட்டு பின்னாடி அந்தச் சிரிப்புக்கு நம்மள வெக்கப்பட வைக்கிறான். உதைச்ச காலே கடைசில போயிருதுல்ல.' ஆமா, போகுது. கறிக்கடையில நடக்குற சண்டையில அந்தப் பையன் ஆணியடிச்ச கட்டைய வச்சு அடிச்சுர்றான், அதுல டெட்டனஸ் வந்து கால எடுத்துர்றாங்க. அந்தக் கடை சீன்ல டிவில போலீஸ் அட்டூழிய நியூஸ் ஓடிக்கிட்டு இருக்கும், குடிக்க வந்தவங்க போலீசத் திட்டிக்கிட்டு இருப்பாங்க, அதெல்லாம் நானும் பாத்தேன், படம் போலீசுக்கு வக்காலத்து வாங்குதுன்னு நான் சொல்ல வரல. ஆனா யாருக்காக எம்புட்டு நேரம் நிக்கிதுன்னு பாருங்க. கால் போன டிடெக்டிவுக்கு ஆஸ்பத்திரி இருக்கு, கையெழுத்துப் போடுற கூட்டாளி இருக்காரு, சோகமா ஒரு அமைதி இருக்கு. அந்தப் பையன் தண்டவாளத்துல ரயில்ல அடிபட்டுச் சாகுறான், சாகுறதுக்கு முன்னாடி நெருப்பு எம்புட்டு சுடும் தெரியுமான்னு கேக்குறான், அந்த ஒரு வார்த்தையில நான் ஒடஞ்சு போயிட்டேன். படம் அவனுக்காக நிக்கல. கொலைய நேர்ல பாத்த ஒரு முக்கியமான சாட்சி போச்சேன்னுதான் படத்துக்குக் கவலை.

வெக்கப்பட வைக்கிறான்னு மச்சான் சொன்னாரே, அது அவருக்கு நடக்கவும் இல்லைன்னு எனக்குத் தோணுது. ஏன்னா அடுத்து கல்குவாரியில வேலை பாக்குற ஒரு ஆளப் புடிச்சு தலகீழா தொங்க விடும்போதும் அவரு சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தாரு. மந்திரவாதிகிட்ட போறது, குத்தவாளிக்கு ஒடம்புல முடியே இல்லைன்னு பொதுக் குளியல் ரூம்ல போயி உக்காந்து பாக்குறது, அதெல்லாம் நல்ல காமெடி, நானும் சிரிச்சேன், ஏன்னா அங்க போலீஸப் பாத்துச் சிரிக்கிறோம். உதையில உதை வாங்குறவனையும் சேத்துல்ல சிரிக்கிறோம்.

ரெண்டாம் பாதி வேற மாதிரி போகுது. மழை பெய்ற ராத்திரி, ரேடியோல ஒருத்தன் எப்பவும் ஒரே பாட்டக் கேக்குறான், செவப்பு உடுப்பு போட்ட பொண்ணு, இதெல்லாம் சேர்ந்து ஃபேக்டரியில வேலை பாக்குற ஒரு பையன்கிட்ட கொண்டுபோய் விடுது, கையெல்லாம் பொம்பளப் புள்ள கை மாதிரி மெத்துனு. ஆதாரம், ஃபைலுன்னு பேசிக்கிட்டு இருந்த சியோல் டிடெக்டிவே கடைசில அவனப் போட்டு அடிக்கிறாரு, டிஎன்ஏ ரிசல்ட் அமெரிக்காவுல இருந்து வருது, பொருந்தல, அவரு நம்ப மாட்டேங்குறாரு, துப்பாக்கிய நீட்டுறாரு, ரயில்வே சுரங்கத்துல மழைக்குள்ள. ஒளிப்பதிவு அந்த சீன்ல அள்ளிட்டுப் போகுது. ஆனா அந்த நேரம் எங்க ஹால்ல என்ன நடந்துச்சு தெரியுமா, அக்கா 'சுட்ருங்க அவன'ன்னு சொல்லுச்சு. எங்க அக்கா. எங்க அத்த பையன் காலுக்கு வெந்நி வச்சுக் குடுத்த அதே அக்கா. ஒரு படம் அந்த எடத்துக்கு ஒரு நல்ல மனுஷியக் கொண்டுபோக முடியும்னா அதோட சக்திய நான் மறுக்கல, ஆனா கொண்டுபோயி அங்கயே விட்டுட்டு வந்துருச்சேன்னுதான் என் கோவம்.

ராத்திரி வீட்டுக்கு வந்து தூக்கம் வராம அந்த நெசமான கேஸப் பத்திப் படிச்சேன். 2019-ல டிஎன்ஏ வச்சு உண்மையான ஆளக் கண்டுபுடிச்சுட்டாங்க. மச்சினியக் கொன்ன வேற ஒரு கேஸ்ல 1994-ல இருந்து உள்ள இருந்தவன், பத்தும் நான்தான், அதுக்கு மேலயும் பண்ணியிருக்கேன்னு ஒத்துக்கிட்டான். கேஸ் போடுற காலக்கெடு 2006-லயே முடிஞ்சதால அந்தக் கொலைகளுக்கு தண்டனையும் குடுக்க முடியல. இது நெறயப் பேருக்குத் தெரியும். தெரியாதது இன்னொண்ணு. பத்துல எட்டாவது கொலை, 13 வயசு புள்ள, 1988-ல வீட்டுக்குள்ளயே வச்சு நடந்தது, அதுக்கு 1989-லயே ஒருத்தரப் புடிச்சு ஆயுள் தண்டனை குடுத்துட்டாய்ங்க. போலியோவுல கால் பாதிச்ச மனுஷன், அப்ப 22 வயசு. தூங்க விடாம வச்சிருந்து வாங்குன வாக்குமூலம். கிட்டத்தட்ட 20 வருஷம் உள்ள இருந்துட்டு 2009-ல பரோல்ல வந்தாரு. நெசமான கொலைகாரன் வாயத் தொறந்ததுக்கு அப்புறம்தான், 2020 டிசம்பர்ல கோர்ட்டு அவரு நிரபராதின்னு சொல்லுச்சு.

கணக்குப் போட்டுப் பாருங்க. 2003-ல தியேட்டர்ல ஜனங்க அந்த உதையப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு இருந்தப்ப அந்த மனுஷன் ஜெயில்ல இருக்காரு. டைரக்டருக்கு அது அப்பத் தெரிஞ்சிருக்க வாய்ப்பில்ல, அந்தக் கேஸ் முடிஞ்சு போன கேஸ்னுதான் ஊரே நம்புச்சு, அதுக்கு அவரக் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா அந்தக் கேஸ்ல சந்தேகப்பட்டு விசாரிச்சவங்க மட்டும் 20,000 பேருக்கு மேலன்னு படிச்சப்ப, அம்புட்டு பேருல எத்தன பேரு அந்த உறை போட்ட பூட்ஸ வாங்கியிருப்பாங்கன்னு தோணுச்சு. படத்தோட கடைசி ஷாட் ரொம்ப ஃபேமஸ், ஹீரோ நேரா நம்மளப் பாப்பாரு, தியேட்டர்ல உக்காந்திருக்குற கொலைகாரன் கண்ணப் பாக்குற பார்வைன்னு சொல்லுவாங்க. எனக்கு அந்தப் பார்வை கொலைகாரனத் தேடுனது தப்புன்னு படல, அடி வாங்குன ஒருத்தனையாச்சும் அதே மாதிரி அம்புட்டு நேரம் பாத்திருக்கலாம்ல.

இதெல்லாம் கொரியாவுல எப்பவோ நடந்ததுன்னு ஒதுக்கவும் முடியல எனக்கு. மாட்டுத்தாவணியில மேலூர் பஸ் ஏறுனா ஹைகோர்ட்டோட மதுரை பெஞ்சத் தாண்டித்தான் அத்த ஊருக்குப் போகணும். 2020 ஜூன்ல சாத்தான்குளத்துல, ஊரடங்கு நேரத்துல செல்போன் கடைய தொறந்து வச்சாங்கன்னு அப்பாவையும் மகனையும் கூட்டிட்டுப் போயி அடிச்சே ரெண்டு பேரும் செத்தாங்களே, அத தானா எடுத்து விசாரிச்சது அந்த பெஞ்சுதான். 2025 ஜூன்ல மடப்புரம் கோயில் காவலாளி, நகை காணோம்னு ஒரு புகாருல போலீஸ் அடிச்சே செத்தாரு, இங்கிருந்து கூப்புடு தூரம். அதுக்கும் இந்த பெஞ்சுதான். பஸ்ஸு அந்த கேட்டுகிட்ட போகும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் ஈரச் சாக்கு ஞாபகம் வரும். எங்க அத்த பையன் இப்ப நல்லா இருக்கான், ஆடு வச்சிருக்கான், ஆனா ஆட்டோல ஏற மாட்டான். டிரைவர் காக்கிச் சட்டை போட்டிருப்பாருல்ல. எம்புட்டு வெயிலா இருந்தாலும் நடந்துதான் வருவான்.

பாக்கலாமா வேணாமான்னு கேட்டா பாருங்க. ஷாட் வைக்கிறது, மழை, மியூசிக், சோங் காங்-ஹோ மூஞ்சி, எல்லாத்துக்காகவும் பாக்கலாம். கொலையானவங்க ஒடம்ப ரொம்பக் கிட்டத்துல காட்டுறாங்க, புள்ளைங்களோட உக்காந்து பாக்காதீங்க. சிரிப்பு வந்தா எங்க வந்துச்சுன்னு மட்டும் ஒரு தடவ யோசிச்சுக்கோங்க. எனக்கு அஞ்சுக்கு ரெண்டரைக்கு மேல மனசு வரல, அந்த நூடுல்ஸ் சீனும் ஆரம்பத்து வயலும் இல்லைன்னா அதுவும் வந்திருக்காது. மச்சான் இன்னொரு தடவ பாரு மாப்ள, மொத தடவ எல்லாம் புடிபடாதுங்குறாரு. அவரு மேல எனக்கு மரியாதை இருக்கு, பாப்பேன், ஆனா அந்த உதை மாறப் போறதில்ல.

படம் முடிஞ்சு மச்சான் லைட்டப் போட்டாரு. நாங்க ரெண்டு பேரும் அந்தக் கடைசிப் பார்வையப் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டோம். அம்மா கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டுக் கேட்டாங்க, 'ஏப்பா, அந்தப் பயலோட அப்பா, கறிக்கடை வச்சிருந்தாரே, அவரு என்ன ஆனாரு?'

மச்சான் ரிமோட்ட கையில வச்சுக்கிட்டே யோசிச்சாரு. 'அதுக்கப்புறம் அவரப் பத்திப் பெருசா ஒண்ணும் காட்டலத்த'ன்னாரு.